ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தாள்: ஒப்பிட்டு எழுதும் பாஸிவ் வாக்கியங்களில் அரை பேண்டு போகாமலிருக்க, வேலூர்ப் பக்கத்து நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

என்னோடு வார்டில் டியூட்டி பார்த்தவர்களில் பலர் இங்கிலாந்து வேலைக்கு முயன்றார்கள். அதற்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தேறி, எழுத்தில் மட்டும் அரை பேண்டு, அதாவது அரை மதிப்பெண், குறைந்து நின்றவர்கள்தான் அவர்களில் அதிகம். நானும் அந்த அரை பேண்டுக்காக அலைந்திருக்கிறேன், சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொட்டியிருக்கிறேன். கடைசியில் நல்ல ஆசிரியை ஒருவர் எங்கள் தாள்களையெல்லாம் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தார். எல்லார் தாளிலும் அடிக்கோடு விழுந்த இடம் ஒன்றாகவே இருந்தது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும், வாக்கியமோ ‘பயன்படுத்தப்படுகிறது’, ‘விற்கப்பட்டது’ என்று பாஸிவில், அதாவது செயப்பாட்டு வினையில், வர வேண்டும். அங்கேதான் கை தடுமாறுகிறது.

அகடமிக் தேர்வின் முதல் கேள்வி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, தேவையான இடங்களில் ஒப்பிட்டு எழுதச் சொல்லும். அப்படி எழுதும்போது இந்த வகை வாக்கியத்தைத் தவிர்க்கவே முடியாது. ஆனால் இதைச் சரிசெய்ய ஒரு மாதம் போதும். விண்ணப்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாகச் சொல்கிறேன். இலக்கணம் மட்டும் வேண்டுமானால் 4-க்குப் போய்விடுங்கள்.

1. எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் அகடமிக், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி இரண்டையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5. ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ். ஒரே தடவையில் கிடைக்காவிட்டாலும் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம். அப்படிச் சேர்க்க, ஐஇஎல்டிஎஸ்ஸில் எந்தத் தடவையும் எழுத்து 6-க்கும் மற்ற மூன்றும் 6.5-க்கும் கீழே போயிருக்கக் கூடாது. இது தெரியாமல் நான்கையும் முதலிலிருந்து எழுதி வாங்க வேண்டும் என்று பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நாளில் கவுன்சிலின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓஇடியில் எழுத்துத் தாள் என்பது நோயாளியைப் பற்றிய ஒரு கடிதம். கேஸ் ஷீட் எழுதிப் பழகியவர்களுக்கு அது ஒட்டும். கட்டணம்தான் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட நன்றாகவே அதிகம். எதை எடுத்தாலும் கீழே சொல்லும் இலக்கணம் உதவும். ‘தி பெயின் இஸ் நவ் பெட்டர் கன்ட்ரோல்டு தேன் இட் வாஸ் ஆன் அட்மிஷன்’ என்று ஓஇடிக் கடிதத்தில் எழுதத்தான் போகிறீர்கள்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் இரண்டு பொறிகள் உண்டு. ஜெனரல் ட்ரெய்னிங் வேறு, அகடமிக் வேறு. பதிவு செய்யும் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். நர்ஸ்களுக்கு அகடமிக்தான். அடுத்தது, பிரிட்டன் விசாவுக்கென்று யுகேவிஐ என்ற பெயரில் ஒரு வகை தனியாக இருக்கிறது. உங்களுக்கு அது தேவையா என்று உங்களை எடுக்கும் ஆஸ்பத்திரியிடமோ ஏஜென்ஸியிடமோ மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

2. பாஸ்போர்ட்டும் அதிலுள்ள பெயரும்

இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் எழுத பாஸ்போர்ட் கட்டாயம். ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் தேர்வுத் தேதி பார்ப்பதற்கு முன்னால் அதற்கு விண்ணப்பியுங்கள். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, 1,500 ரூபாய் கட்டி, நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். தட்கல் என்றால் அதற்கு மேல் 2,000. ஆதார், பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றிலும் ஒரிஜினல் கையில் இருக்கட்டும். போலீஸ் விசாரணைக்கு வரும்போது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு குடியாத்தம் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்களுக்கு இங்கேதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

இன்ஷியல் விஷயத்தில் மிகவும் கவனம். நர்ஸிங் பதிவில் ‘எஸ். கவிதா’ என்றும், பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுந்தரம்’ என்றும் இருப்பது நம் ஊரில் சகஜம். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே மாதிரி நிரப்புங்கள். பின்னால் கவுன்சிலில் இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் காகிதம் கேட்டால் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம். தேர்வு நாளில் வாசலில் பெயர் பொருந்தவில்லை என்றால் கட்டிய பணம் போய்விடும்.

3. பணம், தேதி

ஒரு தடவை எழுதக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். அதோடு ரயில், சாப்பாடு, தேவைப்பட்டால் முந்தின நாள் இரவு தங்கும் செலவு. பேசும் தேர்வு சில சமயம் வேறொரு நாளில் விழும். பதிவு செய்யும்போதே இரண்டும் ஒரே நாளில் வருகிற மாதிரி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு லீவு மிச்சம். சென்னை மையத்துக்குக் காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்றாலும், காலைத் தேர்வு என்றால் முந்தின நாளே போய்விடுவது நல்லது. நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக ரயில் ஏறி எழுதப் போகாதீர்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு ஒரு எழுத்து விட்டுப்போனது தெரியாது, இந்தத் தாளில் அந்த ஒரு எழுத்துதான் மதிப்பெண்.

தேர்வு முடிவு 2 ஆண்டுகளுக்குச் செல்லும். மற்ற காகிதங்களெல்லாம் எப்போது தயாராகும் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தேதி எடுங்கள்.

4. ஒப்பீட்டுச் சொல் எங்கே உட்கார வேண்டும்

‘வேலூரில் ரெக்ஸினைவிடத் தோல் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.’ இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றால் பெரும்பாலும் வருவது: ‘லெதர் இஸ் யூஸ்டு வைட்லி தேன் ரெக்ஸின்.’ தப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் ‘விட’ என்று ஒன்று வந்துவிட்டால் ஒப்பீடு முடிந்துவிடும், ‘பரவலாக’ என்ற சொல் மாறவே தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘விட’ என்பதற்கு வரும் ‘தேன்’ மட்டும் போதாது. ‘வைட்லி’ என்ற அந்த அட்வெர்ப்பும் (வினையை விவரிக்கும் சொல்) மாறியாக வேண்டும். ‘லெதர் இஸ் மோர் வைட்லி யூஸ்டு தேன் ரெக்ஸின்.’ ‘தேன்’ எழுதினால் அதற்கு இடப்பக்கத்தில் ‘மோர்’, ‘லெஸ்’, ‘வர்ஸ்’, அல்லது ‘இஆர்’ என்று முடியும் ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி கையில் படிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இடம். ‘எல்ஒய்’ என்று முடியும் சொற்களை முறையான ஆங்கிலத்தில் பெரும்பாலும் முக்கிய வினைக்கு நேர் முன்னால் வைப்பார்கள். ‘இஸ் மோர் வைட்லி யூஸ்டு’, ‘வாஸ் மோர் ஸ்ட்ரிக்ட்லி என்ஃபோர்ஸ்டு’, ‘ஆர் லெஸ் ஃப்ரீக்வென்ட்லி சோல்டு’. துணைவினைகள் இரண்டு மூன்று வந்தால் குழப்பம் வரும். அப்போதும் அதே கதைதான், கடைசி வினையை ஒட்டி முன்னால்: ‘ஹேஸ் பீன் மோர் வைட்லி யூஸ்டு’, ‘ஷுட் பி மோர் கேர்ஃபுலி ஸ்டோர்டு’, ‘இஸ் பீயிங் மோர் க்ளோஸ்லி மானிட்டர்டு’.

பின்னாலும் வைக்கலாம். ‘இஸ் யூஸ்டு மோர் வைட்லி இன் வேலூர் தேன் இன் சேலம்’ என்பது சரியான வாக்கியம்தான். எங்கே, எப்போது என்ற விவரம் தொடர்ந்து வரும்போது சிலர் இதை விரும்புவார்கள். தேர்வில் யோசிக்க நேரமில்லாதபோது வினைக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

‘மோர்’ வாங்காமல் ‘இஆர்’ என்று முடியும் சின்னச் சொற்கள் இதற்கு மாறு. ஃபாஸ்டர், ஹார்டர், எர்லியர், லேட்டர், லாங்கர் எல்லாம் வினைக்குப் பின்னால் போகும். ‘தி ப்ரிட்ஜ் வாஸ் கம்ப்ளீட்டட் எர்லியர் தேன் பிளான்டு.’ ‘ஸ்மால் டேனரிஸ் வேர் ஹிட் ஹார்டர் தேன் லார்ஜ் ஒன்ஸ்.’ ‘வாஸ் எர்லியர் கம்ப்ளீட்டட்’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டும்.

‘பெட்டர்’ மட்டும் இரண்டு பக்கமும் போகும், அதனால் தனியாகப் பாருங்கள். எவ்வளவு தெரியும், எவ்வளவு புரிந்தது, எவ்வளவு சம்பளம் என்ற அளவு கேள்வி என்றால் முன்னால்: ‘ஆம்பூர் இஸ் பெட்டர் நோன் ஃபார் இட்ஸ் பிரியாணி’, ‘நர்ஸஸ் ஆர் பெட்டர் பெய்டு தேர்’. எப்படி நடத்தினார்கள் என்ற கேள்வி என்றால் பின்னால்: ‘தி பேஷன்ட்ஸ் வேர் ட்ரீட்டட் பெட்டர்’. ‘வர்ஸ்’ பெரும்பாலும் பின்னால்தான்.

5. சொல்லின் வடிவத்தில் நான்கு பொறிகள்

‘மோர் பெட்டர்’, ‘மோர் ஃபாஸ்டர்’ என்று இரட்டை போடாதீர்கள். ‘ஃபாஸ்ட்லி’ என்றொரு சொல்லே கிடையாது, ‘மோர் ஃபாஸ்ட்லி’ என்பது இரண்டு தப்பு. ‘ஃபாஸ்டர்’ அல்லது ‘மோர் குவிக்லி’.

‘லெஸ்ஸர்’ நம் பக்கத்து ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்கும் சொல். ‘லெஸ்ஸர் யூஸ்டு’ என்று சாதாரணமாகப் பேசுவோம். தாளில் ‘லெஸ் ஃப்ரீக்வென்ட்லி யூஸ்டு’, ‘லெஸ் வைட்லி யூஸ்டு’ என்று எழுதுங்கள்.

‘வெரி மோர்’ வராது. வித்தியாசம் பெரிது என்று காட்ட ‘மச் மோர்’, ‘ஃபார் மோர்’, ‘கன்சிடரப்லி மோர்’. சின்னது என்றால் ‘ஸ்லைட்லி மோர்’. ‘எ லாட் மோர்’ பேச்சுக்குச் சரி, முறையான எழுத்துக்குப் பொருந்தாது. இரண்டு மடங்கு என்றால் ‘ட்வைஸ் ஆஸ் ஆஃபன் ஆஸ்’. அங்கே ‘தேன்’ வராது.

‘காட் டேமேஜ்டு’ மாதிரி ‘கெட்’ போட்ட பாஸிவைத் தேர்வில் தவிருங்கள். ‘வாஸ் மோர் பேட்லி டேமேஜ்டு’ என்றால் முறையாக இருக்கும். இரண்டு பொருள் என்றால் ‘மோர்’, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ‘மோஸ்ட்’, இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. ‘தேன்’ என்பதற்குப் பிறகு வரும் பாதி

பெரும்பாலானவர்கள் முதல் பாதியைச் சரியாக எழுதிவிட்டு இங்கே கோட்டை விடுவார்கள். இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘நர்ஸஸ் ஆர் மோர் ஆஃபன் பிளேம்டு பை பேஷன்ட்ஸ் தேன் டாக்டர்ஸ்.’ டாக்டர்களைவிட நர்ஸ்கள்தான் நோயாளிகளிடம் திட்டு வாங்குகிறார்கள் என்கிறீர்களா? நர்ஸ்களைத் திட்டுவதில் டாக்டர்களைவிட நோயாளிகள் அதிகம் என்கிறீர்களா? இரண்டு அர்த்தமும் வருகிறது. முதல் அர்த்தம் என்றால் ‘தேன் டாக்டர்ஸ் ஆர்’. இரண்டாவது என்றால் ‘தேன் பை டாக்டர்ஸ்’. ஒரு ‘ஆர்’, ஒரு ‘பை’, அவ்வளவுதான் வித்தியாசம். வாக்கியத்தில் ‘பை’ வரும்போதெல்லாம் ‘தேன்’ தாண்டி நின்று இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இடத்தை ஒப்பிட்டால் இடத்துக்குரிய சொல் இரண்டு பக்கமும் வர வேண்டும். ‘ராகி இஸ் மோர் காமன்லி ஈட்டன் இன் தி ஜவ்வாது ஹில்ஸ் தேன் இன் தி டவுன்’. இரண்டாவது ‘இன்’ விட்டுப்போனால் மலையில் கேழ்வரகையும் டவுனையும் சாப்பிடுவதாக ஆகிவிடும். தண்ணீரைத் தண்ணீரோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு ஒப்பிட முடியாது: ‘தி வாட்டர் இன் தி ஃபர்ஸ்ட் வெல் வாஸ் மோர் ஹெவிலி பொல்யூட்டட் தேன் தட் இன் தி செகண்ட்’. அந்த ‘தட்’ தண்ணீரைக் குறிக்கிறது. பன்மை என்றால் ‘தோஸ்’. நான் தேர்வுக்குப் படித்ததிலேயே அதிகப் பலன் கொடுத்த ஒற்றைச் சொல் இந்தத் ‘தட்’தான். ஒரு தாளில் ஒருமுறை சரியாக வந்தாலே வாக்கியத்தின் மதிப்பு ஏறும்.

காலத்தை ஒப்பிட்டால் துணைவினை காலத்துக்கேற்ப மாறும். ‘கேஸ் இஸ் மோர் வைட்லி யூஸ்டு டுடே தேன் இட் வாஸ் இன் 2000’. முதலில் ‘இஸ்’, பிறகு ‘வாஸ்’.

இன்னொன்று, ‘வென் கம்பேர்டு டு’. ‘மோர் வைட்லி யூஸ்டு வென் கம்பேர்டு டு ரெக்ஸின்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ‘மோர்’ வந்துவிட்டால் ‘தேன்’ போதும்.

7. வெறும் ‘மோர்’ போதாத வினைகள்

தமிழில் எதற்கும் ‘அதிகமாக’ என்று போட்டுவிடலாம்: அதிகமாகப் பயன்படுத்தப்பட்டது, அதிகமாக மாசுபட்டது, அதிகமாகப் பாதிக்கப்பட்டது. அதை அப்படியே எடுத்து ‘வாஸ் மோர் யூஸ்டு’, ‘வாஸ் மோர் ஈட்டன்’ என்று எழுதினால் எக்ஸாமினருக்கு அரைகுறையாகத் தெரியும். ஒவ்வொரு வினைக்கும் சேரும் ஜோடி ஒன்று உண்டு. நர்ஸ்கள் எழுதும் தலைப்புகளுக்கு அடிக்கடி வேண்டியவற்றைச் சொல்கிறேன், சத்தம் போட்டுப் படியுங்கள்.

பயன்பாட்டுக்கு ‘மோர் வைட்லி யூஸ்டு’. உணவுக்கு ‘மோர் காமன்லி ஈட்டன்’. மாசுக்கு ‘மோர் ஹெவிலி பொல்யூட்டட்’. நோய்க்கும் வெள்ளத்துக்கும் ‘மோர் சிவியர்லி அஃபெக்டட்’. தொற்றுக்கு ‘மோர் ஈஸிலி ட்ரான்ஸ்மிட்டட்’. சட்டத்துக்கு ‘மோர் ஸ்ட்ரிக்ட்லி என்ஃபோர்ஸ்டு’. மக்கள் நெருக்கத்துக்கு ‘மோர் டென்ஸ்லி பாப்புலேட்டட்’. மதிப்புக்கு ‘மோர் ஹைலி வேல்யூடு’. கண்காணிப்புக்கு ‘மோர் க்ளோஸ்லி மானிட்டர்டு’. காரணத்துக்கு ‘மோர் ஆஃபன் காஸ்டு பை’. மருந்துக்கு ‘மோர் ஃப்ரீக்வென்ட்லி ப்ரிஸ்க்ரைப்டு’. இந்தப் பதினோரு ஜோடியும் நாக்கில் நின்றால் முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் தாராளமாகப் போதும்.

இரண்டாவது கேள்வி முதலாவதைவிட இரண்டு மடங்கு மதிப்புள்ளது. அதில் முதியோர் பராமரிப்பு அடிக்கடி வரும் தலைப்பு. அங்கே ஒரு சிக்கல்: ‘கேர் ஃபார்’ என்ற வினையைப் பாஸிவாக்கும்போது ‘ஃபார்’ தொலைந்துபோகும். ‘ஓல்டு பீப்பிள் ஆர் பெட்டர் கேர்டு ஃபார் அட் ஹோம் தேன் இன் ஹாஸ்பிட்டல்ஸ்’. அந்த ‘ஃபார்’ அங்கேயே ஒட்டி நிற்க வேண்டும். ‘லுக்டு ஆஃப்டர்’ என்பதும் அதே மாதிரி.

கூட்டம் நிறைந்த, சோர்ந்த, ஆர்வமுள்ள என்று நிலையைச் சொல்லும் சொற்களுக்கு ஜோடி தேட வேண்டாம். ‘மோர் க்ரவுடட்’, ‘மோர் டயர்டு’, ‘மோர் இன்ட்ரஸ்டட்’ என்றே எழுதலாம்.

8. பாஸிவே ஆகாத வினைகள்

எண்ணிக்கை கூடியது என்று சொல்ல ‘தி நம்பர் வாஸ் இன்க்ரீஸ்டு மோர் ராப்பிட்லி’ என்று எழுதிவிடுவோம். யாரோ ஒருவர் வேண்டுமென்றே கூட்டினால்தான் ‘வாஸ் இன்க்ரீஸ்டு’. கட்டணத்தை அரசு உயர்த்தியது என்றால் சரி. தானாகக் கூடினால் ‘இன்க்ரீஸ்டு மோர் ராப்பிட்லி’ மட்டுமே. ரைஸ், ஃபால், ஹாப்பன், அக்கர், கன்சிஸ்ட் ஆகியவற்றைப் பாஸிவாக்கவே முடியாது. ‘வாஸ் ஹாப்பன்டு’ என்று தாளில் இருந்தால் மற்ற நல்ல வாக்கியங்களும் அடிபடும். வரைபடத்தில் கோடு ஏறுவதும் இறங்குவதும் ஆக்டிவ். பொருளை யாரோ வாங்கினார்கள், விற்றார்கள், சாப்பிட்டார்கள் என்பது பாஸிவுக்கு இடம் தரும்.

முறையான எழுத்து என்றால் எல்லாமே பாஸிவாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யார் செய்தார் என்பது முக்கியமாக இருக்கும் இடத்தில் அவரைச் சொல்லிவிடுவதே நல்ல ஆங்கிலம்.

எல்லாம் சேர்ந்து எப்படி வரும் என்று பார்ப்போம். கற்பனையாக ஒரு அட்டவணை: கிராமத்து அடுப்புகளில் விறகு, கேஸ், மின்சாரம், 2000 மற்றும் 2020. ‘இன் 2000, ஃபயர்வுட் வாஸ் ஃபார் மோர் வைட்லி யூஸ்டு தேன் கேஸ். பை 2020, ஹவ்எவர், கேஸ் ஹேட் பிகம் தி மெயின் ஃப்யூயல், அண்ட் ஃபயர்வுட் வாஸ் யூஸ்டு லெஸ் ஆஃபன் தேன் எய்தர் கேஸ் ஆர் எலக்ட்ரிசிட்டி.’ முதல் வாக்கியத்தில் ஒப்பீடு வினைக்கு முன்னால், இரண்டாவதில் பின்னால். நடுவில் ‘பிகம்’ ஆக்டிவாக வந்து இரண்டையும் பிரிக்கிறது. ஒரே அச்சில் நாலு வாக்கியம் வார்த்த மாதிரி இல்லாமல் இப்படி மாற்றி எழுதுங்கள்.

9. ஒரு மாதப் பயிற்சி

முதல் வாரம் எழுதவே வேண்டாம், வாக்கியங்களைப் பொறுக்கிச் சேருங்கள். மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கிலப் பேப்பர் கிடைக்கும். உடல்நலம், வணிகம் பக்கங்களில் ‘தேன்’ வரும் பாஸிவ் வாக்கியங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்வெர்ப் எங்கே நிற்கிறது, ‘தேன்’ தாண்டி என்ன வருகிறது என்று அடிக்கோடு போடுங்கள்.

இரண்டாவது வாரம், டியூட்டி முடித்து வந்ததும் அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி மூன்று வாக்கியம். வார்டைப் பற்றியே எழுதலாம்: எந்த டிரெஸ்ஸிங் அடிக்கடி மாற்றப்பட்டது, எந்த நோயாளி நெருக்கமாகக் கவனிக்கப்பட்டார். பெயர், படுக்கை எண் எதுவும் எழுதாதீர்கள். தெரிந்த விஷயத்தில் இலக்கணம் சீக்கிரம் படியும்.

மூன்றாவது வாரத்திலிருந்து முழுத் தாள். அதிகாரப்பூர்வத் தளங்களில் மாதிரிக் கேள்விகள் இலவசமாகவே இருக்கின்றன. முதல் கேள்விக்கு 20 நிமிடம், குறைந்தது 150 வார்த்தை. இரண்டாவதற்கு 40 நிமிடம், 250 வார்த்தை. அளவு குறைந்தால் மதிப்பெண் குறையும்.

திருத்த ஆள் வேண்டும், அது இல்லாமல் முன்னேற்றம் வராது. சத்துவாச்சாரி, காட்பாடி என்று எங்கே பயிற்சி மையத்தில் சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தாளை யார் திருத்துவார், வாரத்துக்கு எத்தனை தாள், திருத்திய தாளைக் கையில் தருவார்களா. நான் முதலில் சேர்ந்த இடத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே மனப்பாடப் பத்தியை அச்சடித்துக் கொடுத்தார்கள். தாள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மனப்பாடம் செய்த பத்திகளை எக்ஸாமினர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. மையமே வேண்டாம் என்றால், ஆங்கிலம் சொல்லித்தரும் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் வாரம் இரண்டு தாள் என்று பேசிக்கொள்ளுங்கள். செலவு குறையும், பலன் கூடும்.

10. தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

ஒரிஜினல் பாஸ்போர்ட் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கணினியில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கையைத் திரையே காட்டும். எழுத்துப்பிழையைக் காட்டாது.

ஒவ்வொரு கேள்வியிலும் கடைசி மூன்று நிமிடத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். முழுவதையும் மறுபடி படிக்க முயல வேண்டாம். ‘தேன்’ என்ற சொல்லை மட்டும் தேடிப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ‘மோர்’, ‘லெஸ்’, ‘வர்ஸ்’, ‘இஆர்’ ஏதாவது இருக்கிறதா, வலப்பக்கம் அதே வகைப் பொருள் இருக்கிறதா, ‘இன்’, ‘பை’, ‘தட்’ விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ‘தேன்’ இடத்தில், ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’ விழுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கை மாறிவிடும்.

முடிவு வந்து எழுத்தில் மட்டும் அரை பேண்டு குறைந்திருந்தால் உடனே முழுத் தேர்வுக்கும் பணம் கட்டாதீர்கள். மறுமதிப்பீட்டுக்கு 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் கூடினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பி வரும். அதைத் தவிர, ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் வசதி 60 நாளுக்குள் இருக்கிறது. இதை நீங்கள் விண்ணப்பிக்கும் கவுன்சில் ஏற்கிறதா என்று மெயில் போட்டுக் கேட்டு, பதில் வந்தபின் பணம் கட்டுங்கள். இரண்டுக்குமே கெடு உண்டு என்பதால் முடிவு வந்த அன்றைக்கே கடைசித் தேதி இரண்டையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.